பெரியவனை ஹாஸ்டலில் சேர்க்காதே

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய நீளமான மெயிலை நேற்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு படித்தேன், இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டே இன்னொரு தடவையும் படித்தேன். கோயம்புத்தூர் வெயில், உன் புது ஆபீஸ், மாமனாரின் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ஹாஸ்டல் விஷயம். பையன்கள் இரண்டு பேரும் காலையில் பல் தேய்க்கிற இடத்தில் ஆரம்பித்து ராத்திரி போர்வை வரைக்கும் சண்டை போடுகிறார்கள், மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து கேட்கிறார்கள், அதனால் பெரியவனை ஜூனில் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார், உனக்கும் பாதி மனசு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மக்கா. படிப்புக்காக என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். சண்டைக்காக என்றால் வேண்டவே வேண்டாம்.

என் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பெரியவள் இந்த ஜூனில் பத்தாவது போகிறாள், நடுவுள்ளவன் ஏழாவது, கடைக்குட்டி மூன்றாவது. இப்போது ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் வர ஆரம்பித்திருக்கிறது, வந்த நாளிலிருந்து கொட்டை யாருக்கு என்று தினமும் வழக்கு. கதுப்பெல்லாம் தட்டில் கிடக்கும், அதை யாரும் தொடமாட்டார்கள், கொட்டைக்குத்தான் அடிதடி. நான் தலையிடவில்லை. இரண்டு நாள் கத்திப் பார்த்துவிட்டு அவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள், பெரியவள் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் யாருக்கு என்றைக்கு என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். போன வாரம் கடைக்குட்டிக்குக் காய்ச்சல். அன்றைக்கு நடுவுள்ளவனின் முறை. அவன் கொட்டையைக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்த் தம்பி தலைமாட்டில் வைத்துவிட்டு, "இது சும்மா இல்லை, உன் முறை ரெண்டு எனக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்னபடி அந்த இரண்டையும் வாங்கினானா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதுவரை வாங்கவில்லை.

மார்ச் பரீட்சை சமயத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ராத்திரி எட்டரை மணி வரைக்கும் படிக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். ஒரு நாள் எட்டரை அடித்ததும் மூன்று பேரும் புத்தகத்தை மூடிவிட்டார்கள், எனக்கும் சந்தேகம் வரவில்லை. கூடத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள்! யோசனை பெரியவளுடையது, நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பியது நடுவுள்ளவன், அந்த நேரம் நான் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடாமல் "அம்மா, வெந்தயம் ஏன் கசக்குது? சீரகம் ஏன் கசக்கல?" என்று கேள்வியாகக் கேட்டு நிறுத்தி வைத்தது கடைக்குட்டி. என் மாமியாருக்கு மட்டும்தான் தெரிந்துவிட்டது, எட்டரை மணி சீரியலுக்காக வந்து உட்கார்ந்தவருக்கு டிவியில் எட்டு மணி சீரியலே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரீட்சையெல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "ஏன் அத்தை அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டதற்கு, "மூணும் ஒண்ணா சேந்து ஒரு காரியம் செஞ்சிருக்கு, நான் எதுக்குக் கெடுக்கணும்" என்றார். எட்டுப் பேரோடு பிறந்தவர் அவர், அவருக்குத் தெரியாதா?

அதே நாள் மத்தியானம் அந்த மூன்று பேரும் ஜன்னலோரம் யார் படுப்பது என்பதற்காகத் தலையணையைக் கிழித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சைத் திரும்ப அடைத்துத் தைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி அப்போது உனக்கு ஒழுங்காக எழுதவே இல்லை. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையை நீ டிவியில் பார்த்திருப்பாய், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் மூழ்குவது நமக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம், ஆனால் அந்தத் தடவை தாமிரபரணி எங்கள் மீனாட்சிபுரத்துத் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்களுக்கு மாடி வீடு, தப்பித்தோம். கீழ்வீட்டுக்காரர்கள் அரிசியையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, பால் இல்லை, என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டார், உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட வழியில்லை.

அந்த நாட்களில் பிள்ளைகள் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று எழுதினால் பொய். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சண்டை. மாமியார் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டுக்கொடுத்தார், புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிய உரசித் தாயக்கட்டையாக்கினார்கள், கடைக்குட்டி தன் கொட்டைகளை இரண்டு பக்கமும் உரசிவைத்திருந்தது மறுநாள்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது, அதற்கு ஒரு போர். ஆனால் ராத்திரி ஆனால் கதை வேறு. இருட்டில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், சின்னவனுக்குத் தூக்கம் வராது. பெரியவள் தன் துப்பட்டாவின் ஒரு முனையை அவன் மணிக்கட்டில் கட்டி, இன்னொரு முனையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, "பயமா இருந்தா இழு, நான் முழிச்சுக்குவேன்" என்று சொன்னாள். அந்தப் பயல் பயந்ததற்குப் பாதி, வேடிக்கைக்குப் பாதி என்று ராத்திரி முழுக்க இழுத்திருக்கிறான். காலையில் அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா எழுந்துவிட்டார். "இனிமே நீ செத்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். அன்று ராத்திரி பார்த்தால் அதே துப்பட்டா, அதே முடிச்சு, நடுவுள்ளவனும் தன் துண்டை அந்தக் கயிற்றில் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். நான் என் வீட்டுக்காரரை நினைத்து உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த முடிச்சைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது, இதை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது உன் மெயிலையே எடுத்துக்கொள். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று நீ கேட்டதற்கு இரண்டு பேருமே "நான்தான்" என்றார்கள், எவன் உடைத்தான் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை, பொய் சொல்லப் பழகிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. காலையில் ஷாம்புக்காகக் கழுத்தைப் பிடித்தவனுக்காகச் சாயங்காலம் அடிவாங்கத் தயாராக நிற்கிறவனை நீ எந்த ஹாஸ்டலில் போய்த் தேடுவாய்?

கல்லிடைக்குறிச்சி வீடு உனக்கு நினைவிருக்கும். அம்மா அப்பளம் இட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். உளுந்து மாவை இடித்து, உருட்டி, எண்ணி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள், பச்சை மாவை நாங்கள் தின்றுவிடுவோம் என்று தெரியும். அண்ணன் கண்டுபிடித்த வழி, முழு உருண்டையை எடுக்காமல் ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு கிள்ளு. எண்ணிக்கை சரியாக இருக்கும், அப்பளம் மட்டும் கொஞ்சம் சிறுத்துப்போகும். கிள்ளுவது தங்கை, அவள் விரல்தான் சின்னது. நல்லெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டி வைப்பது நான். எடுத்துப்போகிற கடைக்காரர் ஒரு நாள் "அளவு கொறையுதே" என்று கேட்டபோது அப்பாதான் "இந்தத் தடவை உளுந்து சரியில்ல" என்று சொல்லி அனுப்பினார். அவர் பார்த்துவிட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், கடைசிவரை யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

போன வருஷம் அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு நாங்கள் மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மும்பையிலிருந்து வந்திருந்தான், அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. தங்கை திடீரென்று "உளுந்து சரியில்ல" என்று அப்பாவின் குரலிலேயே சொன்னாள். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அம்மா என்னவோ ஏதோவென்று வெளியே ஓடி வந்தாள், அப்போதுதான் அவளுக்கு முழுக் கதையும் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கோபப்பட்டாள், அப்புறம் அவளும் சிரித்தாள், அப்பா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த அப்பாவைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது மாமனார், என் பிள்ளைகளுக்குத் தெரிந்தது தாத்தா. கடைக்குட்டிக்குக் காது குத்தியபோது அண்ணன் மடியில்தான் உட்கார வைத்தோம், அலறுகிறவன் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டு அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த அப்பளக் கதை மொத்தமும் இருந்தது.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளைதான் என்று 2020ஆம் வருஷத்துக் கணக்கு சொல்கிறது. நடுவுள்ளவன் வகுப்பில் நிறையப் பேர் ஒற்றைப் பிள்ளைகள். ஒன்று போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. உனக்குக் கடவுள் இரண்டு பேரைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஒன்றாக இருக்கப்போவது இன்னும் சில வருஷம், அதற்குப் பிறகு காலேஜ், வேலை, கல்யாணம் என்று தானாகப் பிரிந்துவிடுவார்கள். அதை நீ இப்போதே பணம் கட்டி ஏன் செய்ய வேண்டும்?

சரி, அதற்காக எல்லாச் சண்டையையும் பார்த்துக்கொண்டு சும்மா இரு என்று சொல்லவில்லை. தலை, கண், மாடிப்படி, இந்த மூன்று பக்கம் கை போனால் நான் ஓடிப்போய்ப் பிரிப்பேன். எப்போதும் ஒருவனே அடிக்கிறான், இன்னொருவன் பயந்து ஒதுங்குகிறான் என்றால் அது சண்டை இல்லை, அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். உன் சின்னவன் பயந்து ஒதுங்குகிற ஆள் இல்லை என்பது உன் மெயிலிலேயே தெரிகிறது, அண்ணன் செருப்பில் பேஸ்ட் பிதுக்கி வைத்தவன் அவன்தானே. மற்றபடி யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்பதை விட்டுவிடு. கேட்டால் இரண்டு பேரும் உன்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசமாட்டார்கள். அப்புறம் "அண்ணனைப் பார், தம்பியைப் பார்" என்று உன் மாமியார் மார்க்கை வைத்துப் பேசுவதாக எழுதியிருந்தாய், அதை மட்டும் எப்படியாவது நிறுத்து. பிள்ளைகள் போட்டுக்கொள்கிற சண்டை மறுநாள் மறந்துவிடும், பெரியவர்கள் நடுவில் போடுகிற கோடு அழியாது. என் சித்தப்பாவும் அப்பாவும் பேசாமலே இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நீயே ஒரு தடவை என்னிடம் சொன்னாய்.

மாமனாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி, சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். புது ஆபீஸில் ஆறு மணிக்கு மேல் உட்கார வைக்கிறார்கள் என்றால் முதல் மாசத்திலேயே பேசிவிடு, பழக்கப்படுத்திவிடாதே.

ஜூனில் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்ததும் பையன்களோடு கிளம்பி வா. ஐந்தருவிக்குப் போவோம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு நாள் ஒத்து வந்தால் அதையும் பார்த்துவிட்டுப் போகலாம், ஐந்து பிள்ளைகளும் ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கட்டும். என் வீட்டு மூன்றும் இப்போதே யார் உன் சின்னவன் பக்கத்தில் படுப்பது என்று அடித்துக்கொள்கிறார்கள், செருப்பில் பேஸ்ட் கதையை நான் சொல்லிவிட்டேன், அதிலிருந்து அவன் இங்கே பெரிய ஆள். ஹாஸ்டலுக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரரிடம் நான் பேசுகிறேன், வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் போடு, அதற்கு முன்னால் பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
உன் மீனாட்சிபுரத்துத் தோழி