காற்று ஓய்ந்தாலும் வெளியே வரக்கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் மாடித் தகரம் பிய்ந்துபோய் எதிர்வீட்டு மின்கம்பியில் தொங்கியது. திடீரென்று காற்று ஓய, டார்ச்சோடு தெருவில் இறங்கிவிட்டோம். 1977 புயலைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தாதான், "உள்ளே போங்கடா, திரும்ப அடிக்கும்" என்று கத்தினார். புயலின் கண், அதாவது நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் பகுதி, கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசும் என்பது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை!

டெல்டா நகரங்களில் இதையெல்லாம் வார்டு வாரியாகச் சொல்லித்தர வேண்டும். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, எந்த வடிகால் தூர்ந்தது என்று உள்ளூர்க் கல்லூரி மாணவர்களே ஆய்வு செய்யலாம். முடிவை ரேஷன் கடைச் சுவரில், ஐப்பசி பிறக்குமுன் ஒட்டுங்கள்.

– வாசகர், வேதாரண்யம்