காலை ஆறு மணி இருப்பு: ஒரு திறந்த மடல்

சென்னைக் குடிநீர் ஏரிகளுக்குப் பொறுப்பான உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கு ஏரிகளின் முழுக் கொள்ளளவான இந்த மில்லியன் கன அடிக் கணக்கை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஜூனில் நான்கும் ஏறக்குறைய வற்றிக் கிடந்தபோது அறிக்கையில் இருந்த முழுக் கொள்ளளவும் இதுதான். அதன்பின் மழைக்காலங்கள் வந்து போயின, வண்டல் வந்து படிந்தது, தூர்வாரும் பணியும் நடந்தது. எண் மட்டும் அசையவில்லை. வந்த மண்ணும் போன மண்ணும் சரிக்குச் சரி என்று யாராவது அளந்து பார்த்திருந்தால் மகிழ்ச்சி. அந்த அளவீட்டை, இருப்புக் கணக்கு எழுதும் பகுப்பாய்வாளரின் மேசைக்கும் அனுப்பி வையுங்கள். அளக்கவில்லை என்றால் தயவுசெய்து அளந்து, புதிய மட்டம்–கொள்ளளவு அட்டவணை தாருங்கள். முக்கியக் கோரிக்கை இதுதான்.

காலை ஆறு மணிக்கு அளவுகோலில் படிப்பது நீர்மட்டத்தை. தண்ணீரின் அளவை அல்ல. மட்டத்தைக் கன அடியாக மாற்றுவது அட்டவணை. அது பிழையானால் அதற்குப் பின் வரும் எல்லாமே பிழை. நீர்ப்பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்பது ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். மீஞ்சூர் கடல்நீர் ஆலை முழுத் திறனில் ஒரு நாள் முழுக்க ஓடித் தரும் தண்ணீர் அது. காற்று ஒரு பக்கமாக அடித்துக் கரையோரம் தண்ணீர் ஒரு விரல்கடை ஏறினால், தாளில் ஓர் ஆலை முளைத்துவிடும்.

இதில் பகுப்பாய்வாளரைப் படுத்துவது வரத்துக் கணக்கு. ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் வரும் நீரை ஒவ்வொன்றாக அளக்க ஆளோ கருவியோ இல்லாத இடத்தில், வரத்தை மறைமுகமாகத்தான் எடுக்க வேண்டும்: இருப்பில் ஏற்பட்ட மாற்றத்தோடு, எடுத்த நீர், கலங்கலில் உபரியாக வழிந்து போனது, ஆவியானது, கசிந்தது எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது வரத்து. ஆக, மற்ற எல்லாவற்றின் பிழையும் வரத்தின் தலையில் விழுகிறது. வண்டல் ஏறிய ஏரியில் தாழ்மட்டத்தின் உண்மைப் பரப்பு, அட்டவணை சொல்வதைவிடக் குறைவு. அதனால் கோடையில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், உண்மையில் குறைந்ததைவிட அதிகம் குறைந்ததாக அட்டவணை காட்டும். கூட்டிப் பார்த்தால் வரத்து மைனஸில் நிற்கும். ஏரிக்குள் தண்ணீர் மைனஸாக வர முடியாது என்பது ஆய்வுக் கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். எனவே அங்கே பூஜ்யம் எழுதப்படும். அன்றைய மிச்சப் பிழை ஆவியாதலில் ஏற்றப்படும். வெயில் வந்து மறுப்புத் தெரிவிக்கப் போவதில்லை!

இந்தக் கணக்கின் மேல்தான் “எத்தனை நாளுக்கு வரும்?” என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது. 1,000 மில்லியன் கன அடி என்பது சுமார் 2,832 கோடி லிட்டர். நாளுக்கு 100 கோடி லிட்டர் எடுத்தால் 28 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு மண் என்றால் 25. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கிடப்பதை மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அதையும் கழித்தால் இன்னும் குறையும். லாரிகளுக்கு எப்போது ஏற்பாடு செய்வது என்பதை இந்த நாட்கள்தான் முடிவு செய்கின்றன.

அளப்பது பெரிய வித்தையல்ல. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் ஜனவரியில் படகு, ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர், துல்லிய ஜி.பி.எஸ். வேண்டும். 50 மீட்டர் இடைவெளியில் குறுக்குக் கோடுகள் ஓட்ட வேண்டும். தினமும் தொடங்குமுன் இரும்புத் தகட்டை 1, 2, 3 மீட்டர் ஆழத்தில் இறக்கிக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். நீரின் வெப்பம் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். உயர் அலைவரிசை சேற்றின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும், தாழ் அலைவரிசை சேற்றுக்குள்ளும் போகும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இளஞ்சேற்றின் கனமும் தெரியும். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் கருவி இலையையும் வேரையும் தரை என்று சொல்லிவிடும். அங்கே கம்பு ஊன்றித்தான் பார்க்க வேண்டும். படகு போகாத கரையோரத்தை ஜூனில் காய்ந்தபின் ட்ரோனில் எடுக்கலாம். இரண்டும் உயரம் தெரிந்த ஒரே நிலைக் குறியோடு, அதாவது மட்டக்குறியோடு, இணைய வேண்டும். அளவுகோலின் பூஜ்யத்தையும் அதே குறியோடு ஒப்பிடுங்கள். பலகை பெயர்ந்து மறுபடி நட்டபோது பூஜ்யம் எங்கே உட்கார்ந்தது என்று பதிவேடு சொல்லாது.

ஏரிக்குக் கன அடி, குழாய்க்கு லிட்டர், கிருஷ்ணா நீருக்கு டி.எம்.சி. என்று மூன்று மொழியில் கணக்கு எழுதுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆந்திராவுடனான 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும் என்கிறோம். ஊத்துக்கோட்டை எல்லையில் அளந்ததில் எவ்வளவு பூண்டியில் சேர்ந்தது என்று சொல்லவும் பூண்டியின் அட்டவணைதான் வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் சுவர் அகலத் திரை வைக்கும் திட்டம் இருந்தால் மிக நல்லது. தவறான எண் தெளிவாகத் தெரியும்.

கோபம் சற்று மீறியிருந்தால் பொறுத்தருள்க. வரும் ஜனவரியில் ஓர் ஏரியிலாவது, முதலில் பூண்டியில், படகை இறக்க ஆணையிடுங்கள். புதிய அட்டவணை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பரப்பு, கொள்ளளவு இரண்டையும் தரட்டும். அதுவரை தினசரி அறிக்கையில் ஒரு கட்டம் சேர்க்க அனுமதி தாருங்கள்: “அட்டவணை தயாரித்த ஆண்டு”.

பணிவுடன்,
இருப்புக் கணக்கு எழுதும் பகுப்பாய்வாளர்கள் சார்பில்