மணலுக்குள் இருந்த தண்ணீர்

தேவிபட்டினம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன் என்று தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். நமீபியாவில், ஹோவருசிப் ஆற்றங்கரை முகாமில் மூன்றாம் நாள் காலை நான் அழுததற்கு உன் அப்பாவின் நினைவே காரணம் என்று நீ எண்ணியிருப்பாய். அது காரணமன்று.

முதல் நாள் ஜீப் அந்த மொட்டை மலைகளுக்கிடையே இறங்கியபோது ஆறு எங்கே என்று கேட்டேன். நீ மணலைக் காட்டினாய். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. 258 கிலோமீட்டர் ஓடிவரும் நம் வைகையும் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. வெள்ளம் வரும் ஆண்டில் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிய பிறகு மிஞ்சினால்தான் அது கடலைப் பார்க்கும். அந்த நாட்டில் மேற்கு நோக்கி இப்படி 12 ஆறுகள் உண்டென்றும், உள்நாட்டு மேடுகளில் மழை பெய்தால் ஆண்டில் சில நாள் மட்டும் ஓடுமென்றும் வழிகாட்டியாக வந்த அந்த ஹிம்பா பழங்குடித் தம்பி சொன்னான். காலையில் கூடாரத் துணி நனைந்திருந்ததைப் பார்த்து மழை என்று மகிழ்ந்தேன். அந்தக் கடலில் ஓடும் குளிர்நீரோட்டத்தால் மழைக்குப் பதில் மூடுபனிதான் கரையேறும் என்று நீ விளக்கினாய்.

மூன்றாம் நாள்தான் யானைகளைக் கண்டோம். அவை தனி இனமல்ல, பாலையில் வாழப் பழகிய கூட்டம். பக்கத்திலேயே பாசி படிந்த குட்டை இருந்தும், தாய் யானை காலாலும் துதிக்கையாலும் மணலைப் பறித்து, குழியில் நீர் ஊறும்வரை காத்து நின்றது. மணலில் வடிந்த தெளிந்த நீருக்காகவே அப்படிச் செய்கிறது என்றும், யானை போன பிறகு மற்ற விலங்குகளும் அந்தக் குழியில் குடிக்கும் என்றும் தம்பி சொன்னபோது என் கண் நிறைந்துவிட்டது.

எட்டு வயதில் நானும் உன் பாட்டியோடு விடியுமுன் கடற்கரை மணல்மேட்டுக்குப் போய் ஊற்றுத் தோண்டியிருக்கிறேன். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். சிரட்டையால் கலங்காமல் அள்ளி ஒரு குடம் நிரப்புவதற்குள் வெயில் வந்துவிடும். இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சம்பந்தி வீட்டாரிடம்கூட எங்கள் வீட்டில் கிணறு இருந்தது என்றுதான் சொன்னேன். தண்ணீருக்காக மண்டியிட்டு வளர்ந்தவள் என்று சொல்ல அத்தனை கூச்சம் எனக்கு. அந்தத் தாய் யானையோ அவசரமும் கூச்சமும் இல்லாமல், முதலில் குட்டியைக் குடிக்கவிட்டது. உன் பாட்டியும் முதல் சிரட்டைத் தண்ணீரை எனக்குத்தான் கொடுப்பாள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நம் தெருவில் யாரும் ஊற்றுக்குப் போவதில்லை. சென்ற வாரம் நான் மட்டும் போனேன். பாதி மேட்டைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கிறது. பனைக்குக் கிழக்கே, முழங்கை ஆழத்தில் நீர் ஊறியது; சற்றே உவர்ப்பு, ஆனாலும் குடிக்க முடிந்தது. விடுமுறைக்கு என் பேத்தியை அழைத்து வா. சிரட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா