செற் ரெடி

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
ஆனி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு மூண்டு கிழமை. பதில் பிந்தினதுக்குக் காரணம் என்ர வாய். சித்திரையில கீழ்ப்பக்கம் மிஞ்சியிருந்த நாலு பல்லையும் பிடுங்கியாச்சு. மேல்வரிசை எப்பவோ போட்டுது. பல்லில்லாதவனுக்குக் கதைக்க ஏலாது சரி, எழுதவும் ஏலாதோ எண்டு கேப்பாய். எனக்கு ஏலாதடாப்பா. ஒரு வசனத்தை வாய்க்குள்ள சொல்லிப் பாக்காமல் கை ஓடாது. பிள்ளையளுக்குச் சொல்வதெழுதுதல் குடுத்துக் குடுத்து வந்த பழக்கம்.

இனி, போன கிழமை நடந்த கூத்தைக் கேள். எங்கட பிள்ளையார் கோயில் கொடியேற்றம் வாற வெள்ளி. ஒலிபெருக்கி அலுவல் என்ர தலையில. ஒரு இடத்தில ஸ்பீக்கர் செற்றுக்குச் சொல்லி முற்காசும் குடுத்திட்டன். பல்லுக் கட்டுறதுக்கும் டவுனில அளவு குடுத்திருந்தன். குசினிக்குப் பின்னால வாழைக்குலை வெட்டிக்கொண்டு நிக்கேக்கை போன் அடிச்சுது.

"ஐயா, செற் ரெடி. வாறியளோ?"

"நாங்கள் வாற கதை இல்லைத் தம்பி. நீங்கள்தான் கொண்டுவந்து பூட்டித் தரவேணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்லை ஐயா, இஞ்ச வந்தால்தான் பூட்டிப் பாக்கலாம். மேல் செற் நல்லா நிக்கும். கீழ் செற்தான் கொஞ்சம் ஆடும்போல."

"கீழ ஆடினால் கல்லு வைச்சுச் சமாளிப்பம். மேலை இருக்கிறது ஆடினால்தான் ஆற்றையேன் தலையில விழும். அதுசரி, போன முறை மாதிரிக் கரகரக்காதே?"

"முதல் ரண்டு கிழமை கொஞ்சம் அப்பிடித்தான் இருக்கும் ஐயா. பேந்து பழகியிடும்."

"ரண்டு கிழமையோ! திருவிழாவே பத்து நாள்தானடா தம்பி!"

மனிசி வந்து போனைப் பறிச்சு, "அது உங்கட வாய்க்கு வாற செற்" எண்டாள். பிறகு குசினிக்குள்ள போய்த் தனியச் சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டது.

அண்டையில இருந்து அந்தச் சொல்லு என்னை விடுகுதில்லை. செற். எவ்வளவு சின்னச் சொல்லு, ஆனால் எங்கட வீட்டுக்குள்ளயே எத்தினை இடத்தில குந்திக்கொண்டிருக்குது எண்டு எண்ணிப் பாத்தன். மருமகளின்ர தோட்டுச் செற். ஆரும் வந்தால் மட்டும் அலுமாரியால இறங்கிற தேத்தண்ணிக் கோப்பைச் செற். பேரன்ர கொம்பாஸ் செற். 'பேப்பரை ஆர் செற் பண்ணினது, இவ்வளவு கஷ்டமாய்' எண்டு திட்டுற பெரியவள். பக்கத்து வீட்டுப் பெட்டைக்குப் பேசின சம்பந்தம் 'செற் ஆகேல்லை'. அப்பு வைச்சிருந்த றேடியோ செற்றை நீ மறந்திருக்க மாட்டாய். நீ போன பிறகு, தொண்ணூறுகளில கரண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை எண்டு இருந்த காலத்தில, சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதியைக் கையால சுத்தி, டைனமோவில அதைப் பாட வைச்சம். சுத்திற கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரும் சோர்ந்துபோவார். மனிசி ஒருக்கால் வேணுமெண்டே விட்டு விட்டுச் சுத்தி அந்த மனுசனைத் திக்குவாயனாக்கினவள்.

எழுதிறதிலயும் ஒரு வில்லங்கம். நாங்கள் செற் எண்டு எழுத, இந்தியாக்காரர் செட் எண்டு எழுதுகினம். ரொறன்ரோவை அவை டொராண்டோ எண்டு எழுதினால் எனக்கு அது நீ இருக்கிற ஊர் இல்லை, வேற ஏதோ ஊர். உன்ர பேத்தி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில எதை எழுதுறாள் எண்டு கேட்டு எழுது. எங்கட எழுத்தில இன்னொரு பகிடியும் இருக்கு. குறளில செற்றார் எண்டால் பகைவர். எங்கட செற்றார் எண்டால் நீயும் நானும் மற்ற ரண்டு பேரும்.

பேரன் போனில தட்டிப் பாத்துச் சொன்னான். ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின்ர இரண்டாம் பதிப்பு, 1989 இல 20 தொகுதியாய் வந்ததாம். அதில இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள். விளக்கம் மட்டும் 60,000 சொல்லளவில ஓடுதாம். என்ர இந்தக் கடிதம் மாதிரி அம்பது கடிதம் எண்டு வைச்சுக்கொள். பிறகு புதுசாய்த் திருத்தேக்கை றன் எண்ட சொல்லு அதை முந்தியிட்டுது. வினையாய் மட்டும் 645 பொருள். கிரிக்கெட் பெடியளுக்குச் சந்தோஷமாய் இருக்கும்.

ஆனால் எண்ணிக்கையில எனக்குப் பெரிய வியப்பில்லை. எங்கட கட்டு என்ன குறைவோ? பல்லுக் கட்டுறம், வீடு கட்டுறம், தாலி கட்டுறம், சோதினைக்குக் காசு கட்டுறம், இல்லாத கதையும் கட்டுறம். தொண்டை கட்டுது, சளி கட்டுது, விலை கட்டாது, வெத்திலை கட்டுக் கணக்கு. 1842 இல யாழ்ப்பாண அகராதியை அச்சடிச்ச மானிப்பாய் இஞ்சயிருந்து சைக்கிளில எட்டிப் போற தூரம். அந்த மனுசர் இதுகளை ஓலையும் கையுமாய் இருந்து பொறுக்கினதை நினைச்சால், பேரன் போனில தட்டுறது எனக்குக் கொஞ்சம் வெக்கமாய்க்கூட இருக்கு.

என்னைப் பிடிச்சது வேற விசயம். செற் எண்டது உண்மையில ஒரு சொல்லே இல்லை, ரண்டு சொல்லு. தோட்டுச் செற், கோப்பைச் செற், எங்கட செற் எண்டு வாற கூட்டப் பொருள், லத்தீனில இருந்து பழைய பிரெஞ்சு வழியாய் வந்தது. ஒரு ஆளுக்குப் பின்னால போற கூட்டம், சமயப் பிரிவு எண்டது அதின்ர பழைய கருத்து. மற்றது, வைக்கிற செற், பழைய ஆங்கிலத்தின்ர சொந்தப் பிள்ளை. அது சிற் எண்ட சொல்லின்ர பிறவினை. சிற் எண்டால் இரு, செற் எண்டால் இருத்து. அவ்வளவுதான்! கிட, கிடத்து; விழு, வீழ்த்து; எழு, எழுப்பு எண்டு நாங்கள் படிப்பிச்சமே, அதே சங்கதி. பல்லை முரசில இருத்தினால் செற். முறிஞ்ச எலும்பை இருந்த இடத்தில இருத்தினால் செற். மேசையில கோப்பை இருத்தினால் செற். சீமெந்து இறுகிறது, சூரியன் மறையிறது எல்லாம் அதே குடும்பம். அவையின்ர சூரியன் போய் இருக்குது, எங்கட பொழுது படுது. ரண்டு பேருக்கும் அது களைச்ச ஆள்தான்.

நீ கரப்பந்து விளையாடினது நினைவிருக்கோ? இஞ்ச இண்டைக்கும் கரப்பந்தில ஓவர், செற்றப் எண்டு ரண்டு விதமான ஆட்டம், அதுக்கு ரண்டு கட்சி. நீ செற்றப்காரன். நெற்றுக்குக் கிட்ட நிண்டு, ரண்டு கையாலையும் பந்தை ஏந்தின மாதிரியும் இல்லாமல் தட்டின மாதிரியும் இல்லாமல், அந்தரத்தில ஒரு கதிரை போட்டு அதில இருத்தி விடுவாய். கட்டையன் ஓடிவந்து அடிப்பான். கைதட்டு அவனுக்கு. செற்றர் எண்டால் இருத்திறவன் எண்டது எனக்கு இப்பதான் விளங்குது, அறுபது வருசம் பிந்தி. அந்தக் காலம் சேர்விஸ் போட்ட பக்கத்துக்குத்தான் புள்ளி, செற்றுக்கு 15. இப்ப ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 25. பொழுதுபட முதல் முடிஞ்சிடும்.

இரு எண்ட சொல்லிலதான் நான் ரண்டு நாளாய் நிண்டுபோனன். சென்னையில ஒருக்கால் வீட்டுக்கு வந்த ஒருத்தரை 'இருங்கோ' எண்டு சொல்லிப்போட்டு உள்ள போனன். தேத்தண்ணியோட வந்து பாத்தால் மனுசன் நிண்டுகொண்டு நிக்கிறார். அவைக்கு இருங்கோ எண்டால் பொறுங்கோ. எங்களுக்கு இருங்கோ எண்டால் கதிரை. வீடு எங்க எண்டு கேக்கிறதுக்கும் 'எங்க இருக்கிறாய்' எண்டுதான் கேக்கிறம். இங்கிலீசிலயும் செற்றில் எண்ட சொல்லு, ஆசனம் எண்ட பழைய சொல்லில இருந்து வந்தது. 'பெடியன் கனடாவில செற்றில்' எண்டு ஊரெல்லாம் சொல்லுதே, அதின்ர அர்த்தம் பெடியனுக்கு இருக்க ஒரு கதிரை கிடைச்சிட்டுது எண்டதுதான். நீ 1984 இல போய்ச் செற்றில் ஆனாய். நான் ஒண்டும் ஆகேல்லை, இருந்திட்டன். ஒரே சொல்லின்ர ரண்டு பக்கம் மச்சான். உன்ர கடிதத்தில 'நீ குடுத்து வைச்சவன், ஊரோட இருக்கிறாய்' எண்டு எழுதியிருந்தாய். அதை வாசிச்சுக் கொஞ்சம் கோபமும் வந்தது. இருந்தது எண்டது நாங்கள் நிம்மதியாய்க் கதிரையில இருந்தது மாதிரியோ? எத்தினை தரம் எழும்பி ஓடினம் எண்டு உனக்குத் தெரியும். சரி, விடு. நீயும் அங்க முதல் பத்து வருசம் ஒரு இடத்தில இருந்திருக்க மாட்டாய்.

இன்னொண்டு, சொல்லாமல் விட்டால் நித்திரை வராது. கணக்கில செற்றுக்கு இஞ்சத்தைப் புத்தகத்தில தொடை எண்டு பேர். இந்தியாவில கணம். பேரன்ர வகுப்பில தொடைப்பிரிவு, சூனியத் தொடை எண்டு ரீச்சர் கரும்பலகையில எழுத, பின்வாங்கு முழுக்கச் சிரிப்பாம். "அப்பப்பா, ஏன் இதுக்குப் போய்த் தொடை எண்டு வைச்சவை?" எண்டு கேட்டான். பூவைத் தொடுத்தால் தொடை, எதுகை மோனையைத் தொடுத்தாலும் தொடை, ஒண்டாய்த் தொடுத்து வைச்ச கூட்டம் எண்டால் அதைவிட நல்ல சொல்லில்லை எண்டு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். எல்லாம் கேட்டுப்போட்டு, "சூனியத் தொடை எண்டால் அப்ப பூ இல்லாத மாலையோ" எண்டான். சரியாய்ப் பிடிச்சிட்டான்.

கட்டையன் போன மாசியில போனது உனக்கு எழுதினன்தானே. தபால்கந்தோர்க்காரன் அதுக்கு முந்தின வருசம். எங்கட செற்றில இனி நீயும் நானும். முன்னூற்றிநாலு எண்ட சீட்டாட்டத்துக்கு நாலு கை வேணும். அதுக்காகப் பேரனையும் பக்கத்து வீட்டுப் பெடியனையும் பழக்குறன். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, கூட்டினால் 76, நாலு தரம் 304 எண்டு காட்ட, கணக்கு ரீச்சர் இதைப் படிப்பிச்சிருக்கலாமே எண்டான். துரும்பை மறைக்கத்தான் இன்னும் தெரியாது. நல்ல சீட்டு வந்தால் முகம் காட்டிக் குடுக்குது. உனக்கு முந்தி அப்பிடித்தான்.

நல்லூர்க் கொடிக்கு வாறன் எண்டு எழுதியிருந்தாய். ரிக்கற் போட்டால் திகதியை அறிவி. வரேக்கை நல்ல சீட்டுக் கட்டு ஒண்டு கொண்டு வா, இஞ்ச இருக்கிறதில ஸ்பேட் ஒன்பதுக்கு மூலை கிழிஞ்சு போச்சு, எல்லாருக்கும் அது ஆற்றை கையில எண்டு தெரியுது. மனிசி உனக்கெண்டு பனங்கிழங்கு அவிச்சுப் புழுக்கொடியல் காயப்போட்டிருக்கிறாள். உனக்குச் சொந்தப் பல்லு எண்டு உன்ர மகள் போனில சொன்னவள். நீ கடி. எனக்கு மாவாய் இடிச்சுத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தருவாளாம்.

கீழ் செற் இன்னும் ஆடுது. தேய்க்கக் குடுத்திருக்கு. ஸ்பீக்கர் செற் நேற்றுப் பூட்டியாச்சு, கரகரப்பு இல்லை.

உன்ர,
வாங்கின்ர மற்றப் பக்கத்தான்