கைபிடிக்குக் காசு மிஞ்சுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் 26 வருடங்களாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கம்பி போக நான் அதிகம் செய்தது மாடிப்படிக் கைபிடிகள்தான். பிறரைக் குறை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: கேட்டவர் கேட்டபடி, பிழையான கைபிடிகளை நானும் செய்து கொடுத்திருக்கிறேன்.

மலைச்சரிவில் நிற்கும் நம் ஊர்க் கட்டடங்கள் தனி ரகம். வீதியில் நின்று பார்த்தால் ஒரு மாடிக் கடை. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தால் பள்ளத்துக்குள் இன்னும் மூன்று தட்டு இறங்கும். கால் தவறினால் கீழ் வீட்டுத் தகரக் கூரையில்தான் போய் விழ வேண்டும். ஆனால் அத்திவாரத்துக்கும் அணைச்சுவருக்குமே பணம் கரைந்துவிடுவதால், கைபிடி கடைசிக்குத் தள்ளப்படுகிறது. ‘பிறகு பார்ப்போம்’ என்று கட்டிய நைலோன் கயிறு மூன்று வருடம் அப்படியே கிடக்கும்.

பணம் உள்ளவர்களோ கைத்தொலைபேசியில் படம் காட்டி, கிடையாக ஓடும் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் கேட்கிறார்கள். பார்க்க அழகுதான். நாலு வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. நிமிர்ந்த கம்பி போடுங்கள் என்றால், “பழைய காலத்து டிசைன், பாஸ்” என்கிறார்கள்.

என் பேத்தி படிக்கும் டியூஷன் வகுப்பு ஒரு மூன்றாம் மாடியில் நடக்கிறது. போன மாதம் அவளைக் கூட்டிவரப் போனபோது, தொழில் பழக்கத்தில் அளவுநாடாவை எடுத்தேன். படியிலிருந்து கைபிடி 28 அங்குலம். கம்பிகளுக்கிடையே 7 அங்குலம். அளந்துகொண்டிருக்கும்போதே அவள் தோளைச் சரித்து, பாதி உடம்பை வெளியே நுழைத்து, “பாருங்க தாத்தா” என்று சிரித்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அமெரிக்கக் கட்டட விதிகளில் பொதுக் கட்டடப் படிகளின் தடுப்பு 42 அங்குலம் உயர வேண்டும். கீழ்ப்பகுதியில் 4 அங்குல உருண்டை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. பிரிட்டனில் வீட்டுப் படிக்கு 900 மில்லிமீட்டர், பால்கனிக்கு 1100. அங்கும் 100 மில்லிமீட்டர் உருண்டைதான் கணக்கு. பிள்ளையின் உடம்பு நழுவி, தலை சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உருண்டை.

அந்த டியூஷன் வகுப்புப் படியில், உயரத்தைவிட எனக்குப் பயம் தந்தது கைபிடியின் அடி. தட்டையான தகடு, நான்கு போல்ட். அவை கொங்கிரீட்டைத் தொடவே இல்லை, மேல் பூச்சோடு நின்றுவிட்டன. மழையும் மூடுபனியுமாக மாதக்கணக்கில் ஈரம் காயாத ஊர் இது. தகட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, பெயின்டுக்கு உள்ளேயே துரு தின்கிறது. சாவியால் தட்டியதும் அப்பளம்போல் உதிர்ந்தது. பிடித்து ஆட்டினேன், விழப்போகும் பால்பல் போல ஆடியது. அதே அமெரிக்க விதி, கைபிடியின் எந்த இடத்தில் தள்ளினாலும் 200 இறாத்தல் தாங்க வேண்டும் என்கிறது, கிட்டத்தட்ட 90 கிலோ. வகுப்பு விட்டதும் நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து இறங்கும் படி இது.

சட்டம் இல்லாத நாடல்ல நம் இலங்கை. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இலேயே வந்தது. வலுவிழந்தோருக்கான அணுகல் வசதி குறித்து 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம்தான். நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தச் சான்றிதழுக்கு வரும் அதிகாரி வரைபடத்தோடு அளவுநாடாவையும் கொண்டுவரட்டும், கைபிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்க்கட்டும். கடையாகக் கட்டியது வகுப்பறையாக மாறினால் மறுபடியும் வரட்டும்.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. சில தொழிலாளர் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தது சந்தோஷம். ஆனால் பல இடங்களில் வீதியிலிருந்து வாசலுக்கு இறங்கும் படிகளில் பிடிக்க ஒன்றும் இல்லை. கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்த ஒரு அம்மா, மழை நாளில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கையால் சுற்றிப் பிடிக்கக்கூடிய ஒன்றரை அங்குல ஜிஐ பைப் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒன்று போதும் அவருக்கு. சிவனொளிபாத மலையின் உச்சிப் படிகளில் அந்தக் கம்பியைப் பிடித்து இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வகுப்புக் கட்டடத்தின் உரிமையாளரிடம் அன்றே சொன்னேன். கூலி வேண்டாம், சாமான் காசு மட்டும் தாருங்கள் என்றும் சொன்னேன். போன கிழமை போய்ப் பார்த்தேன். கைபிடிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்.

இப்படிக்கு,
வெல்டிங் தொழிலாளி ஒருவர்,
ஹட்டன்.