ஜூன் 4 அன்னிக்கு நீ போன் பண்ணலை

பெருமாநல்லூர்
கார்த்திகை 2, 2025

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். போன்ல பேசுனா "ம்... செரிம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சுப்போடறே. அதனால காயிதம். சிரிக்காதே.

மொதல்ல ஃபாரம் விஷயம். வாக்காளர் பட்டியலைத் திருத்தறாங்க இல்ல, பி.எல்.ஓ.ன்னு அந்தப் பட்டியல் வேலை பாக்கற டீச்சர் வந்து நம்ம மூணு பேருக்கும் ரெண்டு ரெண்டு காப்பி குடுத்துட்டுப் போனாங்க. பழைய பட்டியல்ல இருக்கற விவரத்தை எழுதணுமாம். அப்ப நீ பள்ளிக்கூடத்துப் பையன், அதனால அப்பா விவரத்தை வெச்சு எழுதிக்கலாம்னாங்க. டிசம்பர் 4க்குள்ள குடுக்கணும். ஆள் ஊர்ல இல்லைன்னா வீட்ல பெரியவங்க யாராச்சும் கையெழுத்துப் போட்டாப் போதும்னும் சொன்னாங்க. நான் போடலை. நீ வந்து போடு. ஓட்டைப் பெங்களூருக்கே மாத்திக்கறேன்னாலும் செரி, வந்து அப்பாகிட்ட நேர்ல சொல்லிட்டு மாத்து.

பீகார்ல ஓட்டு எண்ணி முடிச்சாச்சு, பாத்திருப்பே. 243 சீட்டுல பா.ஜ.க. கூட்டணிக்கு 202. நம்ம தையல் டேபிள்ல வேலை பாக்கற பீகார்ப் பசங்க தீவாளிக்குன்னு போனவங்க, சத் பூஜை, அப்பறம் ஓட்டுன்னு இன்னும் வந்து சேரலை. முன்னெல்லாம் ரெண்டு நாள் லேட்டானாலே உங்கப்பா ஸ்டேஷனுக்குப் போய் நிப்பார், வேற கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயிருவான்னு. இந்தத் தடவை ஒரு வார்த்தை கேக்கலை. வந்தா ஓட்டறதுக்கு வேலை வேணுமில்ல? ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்காவுல வரி 50 சதவீதம். நமக்கு ஆர்டர் குடுக்கற கம்பெனியில அமெரிக்கா பீஸ் கட்டிங்கோட நின்னு கெடக்கு. ஓவர்லாக் மெஷின் ரெண்டு ஓடுது, பேட்லாக் மெஷினெல்லாம் துணி போட்டு மூடி வெச்சிருக்கு. ரஷ்யாக்காரன்கிட்ட டெல்லியில எண்ணெய் வாங்குனதுக்கு, பெருமாநல்லூர்ல ஜட்டி தைக்கறவன் தண்டம் கட்டறான். பொழுதோட டி.வி.ல நாலு பேர் உக்காந்து கத்தறாங்களே, ஒருத்தனாச்சும் பீஸ் ரேட் எவ்வளவு கொறைஞ்சுதுன்னு கேட்டானா?

பீகார்ல பொம்பளைங்க கணக்குல பத்தாயிரம் போட்டு ஜெயிச்சுட்டாங்கன்னு உங்கப்பா ஒரே நாயம். ஏனுங்க, எனக்கும்தான் 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் ஆயிரம் வருது, நான் யாருக்குப் போடப்போறேன்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். கம்முனு ஆயிட்டார். கோபிக்காரர் செங்கோட்டையனை அ.தி.மு.க.வை விட்டு எடுத்ததுலயே அவருக்குப் பாதி உசுரு போயிருச்சு. 1977ல சத்தியமங்கலத்துல மொதல்ல ஜெயிச்சவர், ஒம்போது தடவை எம்.எல்.ஏ.! நம்ம பக்கத்துல ரெட்டை இலையைக் கேக்காம குத்துன காலம் இனி அவ்வளவுதான்னு எனக்குத் தோணுது. 2021ல கோயமுத்தூர் ஜில்லாவுல பத்துக்குப் பத்து அந்தக் கூட்டணிக்குத்தான் குடுத்தோம், என்னத்தைக் கண்டோம்?

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி செல்லைப் பாத்துட்டே கெடக்காதே. வேலைய மட்டும் விட்டுடாதே.

கரூர்ல நடிகர் விஜய் கூட்டத்துல 41 பேர் செத்தாங்களே, அன்னிக்கு டி.வி.ய நிறுத்தச் சொல்லிட்டேன். கொழந்தைகளைத் தூக்கிட்டு மத்தியானத்துல இருந்து நின்னிருக்காங்க. தப்பு யாரு மேலன்னு சி.பி.ஐ. சொல்லட்டும். நின்னவங்களை மடையங்கன்னு பேசறாங்க பாரு, அதுதான் எனக்கு ஆகலை. எங்கப்பன் தோள்ல உக்காந்து எம்.ஜி.ஆரைப் பாத்தவதான் நானும். நீயும் கொறைச்சலா? கோயமுத்தூர் தெற்குல கமல் 1,728 ஓட்டுல தோத்தப்ப ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தே. திரையில பாத்த மொகம்னா நமக்கு ஒரு நம்பிக்கை வந்துருது. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வந்தப்பவும் டி.வி.ல தெரிஞ்ச மொகங்க வந்துதான் சொன்னாங்க. கோழியும் நாங்களே குடுக்கறோம், தீவனமும் நாங்களே, மாசாமாசம் பணமும் நாங்களேன்னு. 2012ல பூட்டிட்டுப் போனப்பறம் தீவனமில்லாம அந்தக் கோழிக பட்டியில கெடந்து செத்ததை நீயும் பாத்தே, ஸ்கூல் வேன்ல போறப்ப.

அதுக்கு முன்னாடி ஃபாரெக்ஸ்னு ஒண்ணு, திருப்பூர்ல. 900 கோடிக்கு மேல. படிக்காத சனந்தான் ஏமாறும்னு நெனைக்காதே. 2008ல பெரிய பெரிய எக்ஸ்போர்ட்காரங்களே பேங்குக்காரங்க பேச்சைக் கேட்டு டாலர், யென், சுவிஸ் ஃபிராங்குன்னு, வெலை ஏறுமா எறங்குமான்னு போடற டெரிவேட்டிவ் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு, அப்பறம் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. பனியன் தைச்சுச் சம்பாதிச்சது, பேரே வாயில நுழையாத காசுல போச்சு. டெரிவேட்டிவ்ங்கற வார்த்தை எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. நீ சொல்லித் தெரியணும்னு இல்ல.

அப்புச்சி கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். 1996ல மொடக்குறிச்சியில 1,033 பேர் எலக்சன்ல நின்னாங்க. விவசாயிங்க கொறையை ஒருத்தனும் கேக்கலைன்னு ஆளுக்கு 250 ரூபாய் டெபாசிட் கட்டி மனுப் போட்டாங்க. எலக்சனையே ஒரு மாசம் தள்ளி வெச்சு, ஓட்டுச் சீட்டைப் புஸ்தகமா அடிச்சாங்க. அப்புச்சியும் ஒருத்தர். அவர் பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு தேடறதுக்கே அமுச்சிக்கு அவ்வளவு நேரமாச்சாம், பூத்துல வெய்யுறாங்க. டெபாசிட் போச்சு. அதுக்கப்பறம்தான் கவர்மெண்டு டெபாசிட்டை 5,000 ஆக்குச்சு. ஒறம்பற எங்க கூடுனாலும் "என்னுங்க எம்.எல்.ஏ."ன்னு அவரைக் கேலி பண்ணுவாங்க, அவரும் சேர்ந்து சிரிப்பார். 250 போச்சுன்னு ஊருக்கே தெரியும், அதனால அவருக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

போன வருசம் எலக்சன் ஞாபகமிருக்கா? ஜூன் 1 பொழுதோட கருத்துக் கணிப்பு வந்துச்சு. 3ந் தேதி சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறுச்சு. அன்னிக்கு ராத்திரி நீ போன் பண்ணி, அம்மா, மாடி எடுத்துக் கட்டிக்கலாம், இஞ்சினியரைப் பாக்கச் சொல்லுன்னே. உங்கப்பா வெடியால டீக்கடையில, என் பையன் கம்ப்யூட்டர் வேலையும் பாத்துட்டு ஷேர்லயும் பின்றான்னு சொல்லிட்டு வந்தார். அப்படி அவர் வாயால உன்னைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்ல. 4ந் தேதி ஓட்டு எண்ணறதை நாங்க பாத்துட்டே இருக்கோம். இங்க புதுச்சேரியோட சேத்து 40க்கு 40, அங்க பா.ஜ.க. 240லயே நின்னுபோச்சு. சென்செக்ஸ் 4,389 எறங்குச்சு. நீ போன் பண்ணலை. வேலையா இருப்பேன்னு விட்டுட்டேன். 5ந் தேதி 2,300 திரும்பி ஏறுச்சுன்னு நியூஸ்ல சொன்னான். ஏறுனதுக்கும் நீ போன் பண்ணலை. அப்பத்தான் எனக்கு அடிவயிறு கலங்குச்சு. இஞ்சினியர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போனார்.

எலக்சனுக்குச் சந்தை விழறது புதுசில்லையாம். 2004 மே 17ல விழுந்த விழுகையில யாவாரத்தையே ரெண்டு தடவை நிறுத்தி வெச்சாங்களாம். இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு பாக்கறியா? பேப்பர்ல வர்றதைக் கத்தரிச்சு, உன் மார்க் ஷீட்டெல்லாம் வெச்சிருக்கற பையில வெச்சிட்டு வர்றேன். ஷேர் சந்தையைக் கண்காணிக்கற செபியே சொல்லுது, 2024-25ல ஃபியூச்சர், ஆப்ஷன்னு ஷேர் டெரிவேட்டிவ்ல எறங்குன தனி ஆளுங்கள்ல நூத்துக்கு 91 பேருக்கு நட்டம். மொத்தம் ஒரு லட்சத்து அஞ்சாயிரம் கோடிக்கு மேல. ஜேன் ஸ்ட்ரீட்டுன்னு அமெரிக்கா கம்பெனி, வெடியால வாங்கி ஏத்திப்போட்டு அப்பறம் வித்து எறக்கி ஆப்ஷன்ல லாபம் பாத்துச்சுன்னு சொல்லி செபி 4,843 கோடியைப் புடிச்சு வெச்சுது. நாங்க தப்பொண்ணும் பண்ணலைன்னு அவங்க கேஸ் நடத்தறாங்க. என்னமோ இருக்கட்டும். அவ்வளவு கம்ப்யூட்டரை வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்திருக்கறவன்கூட, மத்தியானம் சோத்துத் தட்டைப் பக்கத்துல வெச்சுட்டு ஒத்தை விரல்ல அமுக்கறவன் என்ன பண்ண முடியும்? யாரையோ பொதுவாத்தான் சொல்றேன்.

யூடியூப்ல ஒருத்தன் காரைக் காட்டி, வாடகைக் கார்தான்னு நெனைக்கறேன், மூணு மாசத்துல உங்க வேலைய விட்டுடலாம்ங்கறான். வேலைய விட்டுடாதே கண்ணு. இ.எம்.ஐ. கட்டறவனுக்குச் சம்பளம்தான் சாமி.

ஈங்கூர் மாமன் நோம்பிக்கு வந்திருந்தார். நீ அவர்கிட்டப் பேசுனதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. எப்பவும் ஒண்ணு விடாம உன்னைப் பத்திக் கேக்கறவர், இந்தத் தடவை பெங்களூருங்கற பேச்சையே எடுக்கலை. எனக்கு அது போதும்.

எதையும் கேக்கக்கூடாதுன்னுதான் எழுத உக்காந்தேன். கேக்காம முடிக்க முடியலை.

தீவாளிக்கு வந்தப்ப மருமவ கழுத்துல மஞ்சக்கயிறு. ஆடிப்பெருக்குக்கு மாத்துன கயிறுன்னா இத்தனை மாசத்துல வெளுத்திருக்கும். அது ஈரம் காயாத மஞ்சள், ஜாக்கெட் கழுத்துப்பட்டியில கறை ஒட்டியிருந்துச்சு. நான் பாக்கறதை அவ பாத்துட்டு, "கொடியில கண்ணி அத்துப்போச்சுங்க அத்தை, பத்த வெக்கக் குடுத்திருக்கு"ன்னா. உடனே எந்திரிச்சு அடுப்பாங்கரைக்குப் போயிட்டா. அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியலை கண்ணு. அவளை எதுக்குப் பொய் சொல்ல வெக்கறே?

அது கடையில வாங்குன கொடி இல்லைன்னு உனக்குத் தெரியும். ஏழு பவுன், எங்கப்பன் எனக்குப் போட்டது. ஈமுவுக்குப் போடறேன்னு உங்கப்பா அதைத்தான் கேட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க பணம் எண்ணறாங்க, நீ கொடியக் கட்டிட்டு அழுவுன்னார். குடுக்கமாட்டேன்னு அரிசி டிரம்முக்குள்ள போட்டு வெச்சேன். மூணு மாசம் என்கூடப் பேசலை அந்த மனுசன். அப்பறம் அவரே ஒரு நாள், நல்லவேளைன்னார். அவ்வளவு பண்ணிக் காப்பாத்துன கொடி, உன் கல்யாணத்துல அவளுக்குப் போட்டோம்.

உங்கப்பாவும் கேட்டார், புள்ளை கழுத்துல கொடி காணமேன்னு. பத்த வெக்கக் குடுத்திருக்குன்னு நானும் அதையே சொல்லிட்டேன். அவர் நம்புனாரான்னு தெரியாது. மேக்கொண்டு கேக்கலை.

வித்திருந்தா வித்துட்டேன்னு சொல்லு. அழுதுட்டு விட்டுடறேன். அடகுன்னா எந்தக் கடை, எவ்வளவு வாங்கியிருக்கே, வட்டி எந்தத் தேதிக்குக் கட்டணும்னு சொல்லு. சீட்டைப் படம் புடிச்சு என் போனுக்கு அனுப்பு, அப்பா போனுக்கு வேண்டாம். தவணை தவறுனா நோட்டீஸ் விட்டு ஏலத்துல போட்டுருவாங்க, பவுன் தொண்ணூறாயிரத்துக்கு மேல நிக்கறப்ப ஏழு பவுனைத் திரும்ப வாங்க நம்மால ஏலாது. அந்த மாசம் ஆயிரம் நான் எடுக்கவே இல்ல, பேங்குலதான் கெடக்கு. ரெண்டு மூணு தவணை வட்டிக்காச்சும் ஆகும். பாக்கியை என்ன பண்றதுன்னு உக்காந்து பேசிக்கலாம், மெஷின் ரெண்டைக் குடுத்தாலும் குடுத்துக்கலாம், எப்படியும் சும்மாதானே நிக்குது.

சனிக்கிழமை ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. நீ மட்டும் வராதே, அவளையும் கூட்டிட்டு வா. அவகிட்ட நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.

இப்படிக்கு
அம்மா