ஆளுக்கு நூறு ரூபாய்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை நாளாகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இப்போதுதான் வாய்க்கால் நனைந்திருக்கிறது. அப்பா காலையில் மண்வெட்டியோடு போனால் மத்தியானம்தான் திரும்புகிறார்.

நீ போனில் சொன்னதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நீ பாதியில் "சரிம்மா, டியூட்டி" என்று வைத்துவிடுவாய். எழுதியதை உன் தங்கை போட்டோ எடுத்து அனுப்புவாள். பொறுமையாகப் படி.

உங்கள் பத்தாம் வகுப்புக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் சாமி பேரைச் சொல்லிச் சண்டை, மூன்று பேர் வெளியே போய்விட்டார்கள், எல்லோரும் சேர்ந்து ஏதாவது நல்ல காரியம் செய்தால் பழையபடி ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறாய். நல்ல யோசனைதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை கட்டித் தருவது, சிங்கப்பூர்க்காரன் ஒரு லட்சம் போடுவது என்று நீ சொல்லிக்கொண்டே போனாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறை கட்டுவதற்குள் இன்னும் மூன்று சண்டை வரும். கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பது நாலாவது சண்டை.

நான் மகளிர் குழுவுக்கு ஊக்குநராக இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சுனாமிக்கு அப்புறம் நாகை பக்கம் தெருவுக்குத் தெரு குழு முளைத்தபோது ஆரம்பித்தது. சிக்கல் முருகன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள், மரைக்காயர் வீட்டுச் சின்னம்மா, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள், வெண்மணி நினைவு நாளுக்குச் செங்கொடி பிடித்துப் போகிறவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்தக் குழுவில் பிடி அரிசி போட்டோமே, அதைச் சொல்கிறேன்.

கோடி வீட்டுப் பாட்டிக்கு ஆள் துணை இல்லை. உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசி டப்பாவில் எடுத்து வைப்பது, வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து கொட்டுவது என்று தீர்மான நோட்டில் எழுதினோம். இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் சொன்னார் என்று அக்ரஹாரத்து மாமி சொன்னார். மதரஸாவுக்கு இப்படித்தான் எடுத்து வைப்போம் என்று சின்னம்மா சொன்னார். எங்கள் சர்ச்சிலும் உண்டு என்று இன்னொருத்தி. ஆளாளுக்கு இது தங்கள் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

முதல் வாரமே சிக்கல். ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டில் பொன்னி, மாமி வீட்டில் பச்சரிசி. எல்லாம் ஒரே வாளியில் கிடக்கிறது. அப்படியே வடித்தால் பச்சரிசி குழைந்துபோகும், ரேஷன் அரிசி நறுக்கென்று நிற்கும். பாட்டி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிட்டார். அப்புறம் இட்லிக்கடை அக்காதான் வாளிக்குள் கைவிட்டு அளைந்து பார்த்து, "இது அரைக்கத்தான் லாயக்கு, எனக்கே விலைக்குப் போடுங்கள்" என்றார். வாராவாரம் அவர் எடுத்துக்கொண்டு காசு கொடுத்தார். அந்தக் காசில் பாட்டிக்கு ஒரே ரக அரிசியும், கொஞ்சம் எண்ணெயும், வெற்றிலை பாக்கும்.

அதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிடி என்றால் பிடிதான். நான்கு ஏக்கர் வைத்திருக்கிறவள் கையும், நடவுக்குப் போகிறவள் கையும் ஏறக்குறைய ஒரே அளவு. யாரும் யாரையும் விட உயரவில்லை, யாரும் கூசி நிற்கவும் இல்லை. ஒருத்தி ஒரு வாரம் படியளவு கொண்டுவந்து கொட்டப் பார்த்தாள். சின்னம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "அதை வேறு எங்கேயாவது கொடு. இங்கே பிடிதான்."

அதனால்தான் சொல்கிறேன், மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் என்று வையுங்கள். அதற்கு மேல் வாங்கவே கூடாது. லட்சம் கொடுக்கிறவன் மனதை நோகடிக்க வேண்டாம். பள்ளிக்கோ கோயிலுக்கோ அவன் தனியாகக் கொடுக்கட்டும், நல்லதுதான். பெரிய கொடைக்கு நம் மண்ணில் பஞ்சம் இல்லை. தஞ்சாவூரில் அவ்வளவு பெரிய சிவன் கோயில் கட்டிய ராஜராஜன், ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு 1006-ல் ஆனைமங்கலத்தின் வருவாயை எழுதி வைத்தான், செப்பேடு இருக்கிறது. நாகூர் தர்காவின் 131 அடி பெரிய மினாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. ராஜா கொடுத்தால் ஊர் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும். கூட்டாளிகளுக்குள் ஒருவன் ராஜாவாகிவிட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? யாருக்குக் கொடுப்பது என்று அவன் சொல்வான், மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, யார் எவ்வளவு என்று குழுவில் பட்டியல் போடாதீர்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி மாத மொய் விருந்துக்கு அப்பாவோடு போயிருக்கிறாயே, அங்கே மொய் நோட்டு எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்திருப்பாய். பெயர், ஊர், தொகை. அது கைமாற்று. அவர்கள் வீட்டு விருந்தில் திருப்பி எழுதும்போது மேலே கொஞ்சம் வைத்து எழுதவேண்டும், குறைந்தால் முகம் சுருங்கும். அந்த ஏற்பாடு அதன் இடத்தில் நன்றாகத்தான் நடக்கிறது, எத்தனையோ பேர் அதில் கடை வைத்திருக்கிறார்கள், போர்வெல் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெயருக்கு நேரே தொகை ஏறியவுடன் கொடுத்தவனுக்கு வரவேண்டிய பாக்கி என்று ஒன்று மனதில் உட்கார்ந்துவிடும். உங்களுக்கு அது வேண்டாம். இந்த மாதம் வந்த மொத்தம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு. மூன்று வரி போதும். தலைப்பில் தர்மம், புண்ணியம், காணிக்கை எதுவும் போடாமல் மாதச் சந்தா என்று எழுதுங்கள். உங்கள் கருப்புச் சட்டைக்காரப் பையனுக்கும் உறுத்தாது.

எதற்குச் செலவு செய்வது என்பதில்தான் யோசிக்கவேண்டும். அன்னதானம் வேண்டவே வேண்டாம். பசிக்குச் சோறு போடுவதை வேண்டாம் என்கிறாளே என்று நினைக்காதே. சைவமா அசைவமா, யார் வீட்டில் சமைப்பது, எந்த வாசலில் போடுவது, எந்த நாளில் போடுவது, எல்லாவற்றிலும் உங்கள் சண்டை வந்து உட்கார்ந்துகொள்ளும். 2018-ல் கஜா புயல் அடித்தபோது கரண்ட் இல்லாமல் இருந்த அந்த நாட்களில் எல்லோரும் எல்லோர் கையாலும் வாங்கிச் சாப்பிட்டார்கள். கரண்ட் வந்தது, பேச்சும் வந்தது.

நான் நினைப்பது இது. நம் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருவர் டயாலிசிஸுக்குப் போகிறார். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். காப்பீட்டில் சிகிச்சைக்குச் செலவில்லை. போவதும் வருவதும்தான் கொல்கிறது. காலையில் பஸ்ஸில் போய்விடுகிறார். திரும்பி வரும்போது காலில் பலம் இருக்காது, பஸ்ஸில் நிற்க முடியாது. ஒரு நாள் நான் கீழ்வேளூரில் இறங்கியபோது நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், பஞ்சுக்கு மேலே ரத்தம் கசிந்திருந்தது. கூட வந்த மனைவி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முந்நூறு கேட்டார். அந்த அம்மாவின் நடவுக்கூலியும் அன்றைக்குப் போயாயிற்று.

நாற்பது பேர் நூறு ரூபாய் போட்டால் நாலாயிரம். திரும்புகிற ஆட்டோ மாதத்துக்கு எட்டு ஒன்பது தடவை என்றால் இரண்டாயிரத்து எழுநூறு வரை ஆகும். மிச்சத்தில் கூடப் போகிறவருக்கு ஒரு சாப்பாடு, டீ. ஒரு ஆளுக்குத்தான் தாங்கும், தம்பி. ஒரு ஆளுக்குத்தானா என்று உங்களில் யாராவது கேட்பார்கள். ஆமாம் என்று சொல். ஒருவருக்கு விடாமல் ஒரு வருஷம் கொடுப்பது, பத்துப் பேருக்கு ஒரு தடவை கொடுத்துப் போட்டோ எடுப்பதை விட மேல். அடுத்தவரை மொத்தப் பணம் கூடினால் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டோ என்றதும் சொல்கிறேன். கஜா சமயத்தில் ஒரு பிரட் பாக்கெட்டை ஐந்து கைகள் சேர்ந்து பிடித்துக்கொண்டு ஒரு பாட்டியிடம் நீட்டியதை நானே பார்த்தேன். படம் சரியாக வரவில்லை என்று திரும்ப வாங்கி இன்னொரு தடவை நீட்டினார்கள். அந்தப் பாட்டி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். உங்கள் குழுவில் ஒரு படமும் வரக்கூடாது. அந்த மனிதரின் பெயர்கூட எல்லோருக்கும் தெரியவேண்டியதில்லை. பெயர் தெரிந்தால் என்ன சாதி, எந்தக் கோயில் என்று விசாரிக்க ஒருவனாவது கிளம்புவான். பணம் கொடுக்கப் போகிற இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

உன் இஸ்லாமியக் கூட்டாளிகளிடம் ஒன்றை முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடு. சின்னம்மா எனக்குச் சொன்னது. அவர்களுக்கு ஜகாத் என்பது வரையறுத்த கடமை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்து ஒரு வருஷம் கையில் இருந்தால் அதில் நூற்றுக்கு இரண்டரை. யாருக்குப் போகலாம் என்று எட்டு வகை சொல்லியிருக்கிறது. அதை இந்தப் பொதுப் பணத்தில் கலந்தால் அவர்கள் மனது ஆறாது. சதகா என்றால் அவரவர் விரும்பிக் கொடுப்பது, அந்தக் கட்டு இல்லை, யாருக்கும் போகலாம். நூறு ரூபாய் அந்தக் கணக்கில் வரட்டும். பணம் பாங்கில் கிடந்து வட்டி ஏறுகிற அளவுக்கும் சேர விடாதீர்கள், அதுவும் அவர்களுக்கு ஆகாது. மாதா மாதம் செலவாகிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை.

முக்கியமான விஷயம், நீ ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு யாரிடமும் பணம் கேட்காதே. சின்ன மாமா துபாயில் இருந்தவர், அவர்தான் சொன்னார். உரிமம் வாங்கிய அமைப்பைத் தவிர வேறு யாரும் அங்கே நன்கொடை திரட்டினால் குற்றம், நல்ல காரியம் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு எப்படியும் பணம் அனுப்புகிறீர்கள். அதிலிருந்து வீட்டில் இருக்கிறவர்கள் இங்கேயே நூறு ரூபாய் கொடுத்துவிடட்டும். இதில் இன்னொரு லாபம், பணம் கொடுக்க அம்மாக்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்கள். நீங்கள் பேசாமல் இருந்தாலும் நாங்கள் பேசிக்கொள்வோம்.

இதனால் சண்டை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதே. எங்கள் குழுவில் மாமியும் செங்கொடிக்கார அக்காவும் கடைசிவரை முட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் நம்பிக்கையை ஒருவர் மாற்றவில்லை, மாற்றவும் வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் டப்பாவோடு வந்தாகவேண்டும். வந்தால் பாட்டிக்குக் காய்ச்சல் விட்டதா, மருந்து யார் வாங்குவது என்று பேசித்தான் ஆகவேண்டும். அதைப் பேசி முடிப்பதற்குள் மணி ஆறாகிவிடும், விளக்கேற்ற மாமி கிளம்பிவிடுவார். சண்டைக்கு நேரம் குறைந்தது, அவ்வளவுதான். உங்கள் குழுவிலும் இன்றைக்கு ஆட்டோ வந்ததா என்று ஒருவன் கேட்டு ஒருவன் பதில் சொன்னால், நான் அதுவே போதும் என்பேன்.

பணம் வாங்கி வைக்கிற பொறுப்பு மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று சுற்றி வரட்டும். முதலில் கருப்புச் சட்டைக்காரப் பையனிடம் கொடுங்கள். கோயில் கும்பாபிஷேகக் கணக்கையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன், ஒரு ரூபாய் பிசகாது. அவனும் ஊரில்தானே இருக்கிறான்.

வெளியே போன மூன்று பேருக்கும் நீயே கூப்பிட்டுப் பேசு, மெசேஜ் போடாதே. திரும்பக் குழுவுக்கு வா என்று கெஞ்சவும் வேண்டாம். இப்படி ஒரு சந்தா, உன் வீட்டில் நூறு ரூபாய் வாங்கிக்கொள்ளலாமா என்று மட்டும் கேள். உன் பங்கை நான் கொடுத்துவிடுகிறேன். ஆட்டோக்காரரிடம் மாத வாடகையாகப் பேச அப்பாவை அனுப்புகிறேன். அவர் பேசினால் தடவைக்கு முப்பது ரூபாயாவது குறையும். ஒன்றாம் தேதிக்குள் எத்தனை பேர் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா